மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஏழு வோல்ட்

1

இந்தக் கதை எரிச்சலில் தொடங்கியது. "லைட்டு எரியுதல்ல, அப்பறம் என்ன?" என்ற கேள்வியைப் பட்டம் வாங்கிய நாளிலிருந்து பலர் வாயால் கேட்டுவிட்டேன். அந்தந்த இடத்தில் பேசாமல் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பதில் யோசிப்பவள் நான். பதில்கள் சேர்ந்துவிட்டன. சொல்ல ஒரு பெண் தேவைப்பட்டாள்.

முதல் தொடக்கம்: 1997, ஆயுதபூஜைக்கு முந்தைய மாலை. பீளமேட்டு மில் புகைபோக்கிகளின் மேல் பொன்னிறச் சூரியன் மெல்ல

வேண்டாம். சூரியன் எல்லா ஊரிலும்தான் மறைகிறது.

இரண்டாம் தொடக்கம்: ஷைலாவின் விழிகளில் இனம்புரியாத ஒரு

விழிகளும் வேண்டாம். அவள் கையில் மல்ட்டிமீட்டர் இருந்தது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

2

ஷைலா இயற்பியல் படித்தவள். பீளமேட்டில் பொங்கியண்ணனின் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறாள். பொங்கியண்ணனுக்குப் பம்புசெட் மோட்டார்ப் பட்டறையும் உண்டு. கம்ப்யூட்டர் என்பது கொஞ்சம் சன்னமான மோட்டார், அவ்வளவுதான் என்பது அவர் முடிவு. சென்டரில் அவர் போட்ட சட்டங்கள் இரண்டு. செருப்பை வெளியே விட வேண்டும். பிளாப்பியை உள்ளே கொண்டுவரக் கூடாது. இரண்டிலும் வைரஸ் ஒட்டிக்கொண்டு வருமாம். பிளாப்பி போடும் வாயில் பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேல் கையெழுத்தும் போட்டுவைத்திருந்தார்.

(நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் அந்த வருடங்களில் எந்த சென்டருக்கும் போகாதவர்கள்.)

இதனால், வகுப்புகள் முடிந்த பிறகு உட்கார்ந்து ஷைலா ஏழு மாதமாக எழுதிய புரோகிராம் அந்த ஒரே ஹார்டு டிஸ்கில் மட்டும் இருந்தது. எந்த நூல் தறியில் அறுந்துபோகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் புரோகிராம். நகல் கிடையாது. திங்கட்கிழமை சூலூர்ப் பக்கத்து மில் மேனேஜர் வந்து பார்ப்பார். பிடித்துவிட்டால் அவளுக்கு மில்லில் வேலை.

3

பொங்கியண்ணனுக்குப் பூஜைக்கு ஓர் ஆசை வந்தது.

"மத்த சென்டர்ல எல்லாம் கம்ப்யூட்டரு எருமையாட்டப் படுத்துக் கெடக்குது. நம்முளுது மினுக்கோணும்."

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைப் பட்டறையில் வெட்டிக் கண்ணாடி பொருத்தினார்கள். உள்ளே சின்னச் சின்ன ஆறு வோல்ட் பல்புகள். மேலே சிவப்பு, பச்சை, நீல ஜிகினாத்தாள். மின்சாரம் பெட்டிக்குள் இருக்கும் பவர் சப்ளையிலிருந்தே. அதில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிளை, பட்டறையில் இருபது வருடமாக மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் காளிச்சாமி பிரித்தார்.

கேபிளில் நான்கு ஒயர்கள். மஞ்சளில் பன்னிரண்டு வோல்ட். சிவப்பில் ஐந்து. கருப்பு இரண்டும் மின்சாரம் திரும்பிப் போகும் வழி. பன்னிரண்டு வோல்ட் பல்பை மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவே போட்டு, மஞ்சளில் ஒரு சின்ன ஃபியூஸ் வைத்து, இணைப்புகளை ஒழுங்காக மூடினால் வேலை முடிந்தது. (கதையில் பாடம் எதற்கு என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பிறகு என்னிடம் வராதீர்கள்.)

காளிச்சாமி மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே போட்டிருந்தார். பல்புகள் எரிந்தன. அழகாகவே எரிந்தன.

"ஏனுங்கண்ணா, கருப்புல போடலீங்களா?" ஷைலாவின் குரல் பக்கத்து நாற்காலிக்கே கேட்டிருக்காது. காளிச்சாமிக்குக் கேட்டது.

"அது எர்த்துங்க அம்மணி. எர்த்துல லைட்டு போடறது கரண்டு திருடறவன் பண்ற வேலை. காட்டுக்குள்ள கம்பிய நட்டு எரிப்பானுக பாருங்க, மீட்டரே ஓடாது. இருவது வருசத்துல அந்தப் பொழப்பு நான் பொழச்சதில்லீங்க."

"இது அந்த எர்த்து இல்லீங்கண்ணா."

"செவப்பு, மஞ்ச, நீலம், மோட்டாருக்கு வர்ற மூணு பேஸு. எங்குளுக்குத் தெரியாதுங்களா? இதுல நீலத்தைக் காணோம். இதச் செஞ்ச தைவான்காரன் மிச்சம் புடிச்சுப்போட்டான்."

பொங்கியண்ணன் சிரித்தார்.

(ஒரு முட்டாளாக இருக்கட்டும் என்றுதான் காளிச்சாமியைக் கதைக்குள் கூட்டிவந்தேன். ஆள் யோக்கியனாகப் போய்விட்டார். முட்டாளைத் திட்டுவது சுலபம். யோக்கியத்தால் தப்புச் செய்கிறவனை எப்படித் திட்டுவது? இரண்டு நாள் பேனாவை மூடிவைத்தேன். ஹார்டு டிஸ்க் யோக்கியம் பார்ப்பதில்லை என்று நினைவு வந்ததும் திறந்தேன்.)

4

ஷைலா மல்ட்டிமீட்டரை மஞ்சளிலும் சிவப்பிலும் வைத்தாள். ஏழு வோல்ட் காட்டியது. பன்னிரண்டில் ஐந்து போக ஏழு. ஒயர் முனைகளை வெறுமனே முறுக்கிவிட்டு, இன்சுலேஷன் டேப் தீர்ந்துபோனதால் செலோடேப் சுற்றியிருந்தார்கள். சூடு பட்டால் செலோடேப் இளகிவிடும். பக்கத்தில் ஃபேன் அதிர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு முனைகளும் தொட்டுக்கொண்டால் பன்னிரண்டு வோல்ட் நேராக ஐந்து வோல்ட் பாதைக்குள் புகும். ஏழு மாதம் போய்விடும்.

"சார், அந்த ரெண்டு ஒயரும் ஒட்டிக்கிச்சுன்னா ஹார்டு டிஸ்க் போயிருமுங்க" என்றாள் பொங்கியண்ணனிடம்.

"எரியுதல்ல கண்ணு?"

"இப்ப எரியுதுங்க."

"அப்பறம் என்ன? படிச்ச புள்ளைக வாயில நல்ல நாள்லகூட நல்ல வார்த்தை வராதாட்ட இருக்குது."

5

மறுநாள். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். கீபோர்டின் இடுக்குகளில் பொரி. நல்ல நேரத்தில் பொங்கியண்ணன் சுவிட்சைப் போடுவார். என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

அ. ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை மில் மேனேஜர் கால் மணி நேரம் பல்புகளைப் பார்த்துவிட்டு, "டிவியாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிப் போகிறார். நடக்கக்கூடியது இதுதான். எழுதக் கை கூசுகிறது.

ஆ. பொறி, புகை. "கண்ணு பட்டுருச்சு" என்று பொங்கியண்ணன் இன்னொரு பூசணிக்காய் வாங்கிவரச் சொல்கிறார். ஷைலாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. உங்களில் பலருக்கு இது பிடிக்கும். ஒரு பெண்ணுக்காக ஐந்து நிமிடம் வருத்தப்பட்டுவிட்டுக் காபி குடிக்கலாம். தர மாட்டேன்.

இ. யாரும் வருமுன் அவள் தனியாக வந்து, பல்பையும் ஒயரையும் மாற்றிவைத்துவிடுகிறாள். எல்லாம் நன்றாக நடக்கிறது. காளிச்சாமி இன்னும் இருபது வருடம் இதையே செய்வார். அவள் பின்னாலேயே போய் மாற்றிக்கொண்டே இருப்பாள். நானாக இருந்தால் இதைத்தான் செய்திருப்பேன். அதனாலேயே கோடு போட்டு அடித்துவிட்டேன்.

6

ஒன்பது இருபது. கற்பூரம் காட்டியாகிவிட்டது. பொங்கியண்ணனின் விரல் சுவிட்சுக்குப் போகும்போது ஷைலா குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள்.

(பாத்திரம் தானாகவே செய்தது என்று சொல்லும் எழுத்தாளர்களை நான் நம்புவதில்லை. பிடுங்க வைத்தது நான்தான்.)

"மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவால, பன்னண்டு வோல்ட் பல்பாப் போட்டாத்தானுங்க இதக் குடுப்பேன்."

"என்னையத் திருடனா ஆவச் சொல்றீங்களா அம்மணி?" காளிச்சாமியின் முகம் சுருங்கிவிட்டது.

"இல்லீங்கண்ணா. பத்து நிமிசம் நாஞ் சொல்றதக் கேக்கச் சொல்றேன்."

இருபது பேர் கூடியிருந்த அறையில் யாரோ கனைத்தார்கள். பொங்கியண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"நல்ல நேரம் போகுது கண்ணு. குடு."

அவள் பிளக்கை நெஞ்சோடு பிடித்திருக்கிறாள். அவர் கை நீட்டியபடியே இருக்கிறது.

'பூஜை நாளில் எதற்கு வம்பு, கொடுத்துவிட்டுப் போயேன்' என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நினைத்தால் போதாது. எழுந்து போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு அந்த வாய் கிடையாது.