எலுவன்குளத்தில் ஊசல் தணியாத நாட்கள்

கதை எழுதும் தகுதி எனக்குண்டு என்று நான் எண்ணவில்லை. இதுவரை அலுவலக அறிக்கைகள் மட்டுமே எழுதிப் பழகியவள். துணிந்தமைக்கு வாசிப்போர் என்னைப் பொறுத்தருள வேண்டும். அறிக்கையொன்றில் நான் எழுதிய ஒரு வரிதான் என்னை இதற்குத் தள்ளியது.

யுத்தம் முடிந்து ஐந்தாவது வருடம். வில்பத்துக் காட்டோரம் எலுவன்குளத்தில், நிலத்துக்குக் கீழே கட்டிய சிறிய அறையில் நிலநடுக்கப் பதிவுக் கருவியொன்று இருந்தது. அதைப் பராமரிக்க நான் புத்தளத்திலிருந்து வாரம் இருமுறை போய்வருவேன். கருவிக்குள் ஓர் ஊசல். காட்டில் யானை நடந்தாலும் அது ஆடும். ஆட்டத்தைச் சில விநாடிகளில் அடக்குவது, பக்கத்திலுள்ள தணிப்புக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வேலை. அதன் பின்புறக் காற்றுத் துளைகளுக்கு வெளியே, ஈரம் பிடிக்காதிருக்க, வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைத்திருந்தேன். உப்புப் போத்தலில் அரிசி போட்டு வைக்கும் வீடுகளில் வளர்ந்தவள் நான்.

அறைச் சாவி காவலாளி ஸியாதிடம் இருந்தது. தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்தவர். ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். அவரை நிரந்தரமாக்க என் சிபாரிசு மட்டுமே பாக்கியிருந்தது.

நோன்பு பிடித்து முதல் வாரம், ஊசல் தணிய மறுத்தது. ஒருமுறை ஆடினால் பத்து நிமிடம் ஆடியது. கம்பிகளைச் சோதித்தேன், குறையில்லை. பற்றரியும் சரி. பெட்டியின் முன்மூடியைக் கழற்றி, உள்ளிருந்த கட்டுப்பாட்டு மின்சுற்று அட்டையை மாற்றினேன். நோன்புக் கஞ்சிக்கு வாங்கிய அரிசியில் ஒரு பிடி வறுத்து முடிச்சையும் புதுப்பித்தேன். ஊசல் அடங்கியது. ஆறாம் நாள் மீண்டும் ஆடியது.

இரண்டு அட்டைகள் தாமாகப் பழுதாகுமா? யாரோ கை வைக்கிறார்கள் என்று தோன்றியது. அப்போதுதான் தரையில் எறும்பு வரிசையைக் கண்டேன்.

“ஸியாத், உள்ளுக்க சாப்பிடுறீங்களா?”

“நோன்பு மாசத்தில கேக்கிறீங்களே, மிஸ்.”

“எறும்பு சும்மா வருமா?”

“அதுகளுக்கு நோன்பில்லையே, மிஸ்,” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது. நோன்பை மறைவாக விடுகிறவருக்கு நிலத்தடி அறையை விட வசதியான இடம் ஏது என்று எண்ணினேன். எண்ணியதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மேலதிகாரி மஸாஹிரிடம் சொன்னேன்.

“சாவி அவர்ட கையில. வேற யாரு போற, யானையா?” என்றார் அவர். “அகதியா வந்த ஆக்கள நம்பி வேல குடுத்தா இப்பிடித்தான். எழுதித் தாங்க, ஃபஹ்மியா.”

எழுதினேன்: ‘காவலாளி அறையினுள் உணவு உட்கொள்வதாகவும் கருவியைத் தொடுவதாகவும் சந்தேகிக்கப்படுகிறது.’ சிபாரிசுக் கடிதத்தில் கையொப்பமிடவில்லை. ஸியாத் நிறுத்தப்பட்டார். சாவி என் கைப்பைக்கு வந்தது.

கடைசியாக இருந்த மூன்றாம் அட்டையைப் பொருத்தினேன். ஐந்து நாட்கள் அறைக்குள் எவரும் போகவில்லை. ஐந்தாம் நாள் ஊசல் ஆடிக்கொண்டே இருந்தது.

அன்று முதன்முறையாகப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றினேன். என் துணி முடிச்சில் ஓட்டை. அதிலிருந்து காற்றுத் துளைகள் வழியே அட்டை வரை எறும்புகள் ஊர்ந்தன. அட்டையின் பின்பக்கத்தில் தணிப்பை இயக்கும் சிறிய சுவிட்சின் இரு தகடுகளுக்கும் நடுவே, நசுங்கிய எறும்புகள் கறுப்பாக ஒட்டியிருந்தன. தகடுகள் ஒன்றையொன்று தொடவே இல்லை.

பெருநாளுக்கு மறுநாள் பாலாவியில் ஸியாதின் வீட்டுக்குப் போனேன். துவிச்சக்கர வண்டியில் மீன்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என் அறிக்கையைத் திருத்தி அனுப்பியதையும், அதற்கு முன்பே அவருடைய இடத்துக்கு வேறொருவர் நியமிக்கப்பட்டுவிட்டதையும் சொன்னேன்.

அவர் கயிற்றை இழுத்து முடிந்தார்.

“எறும்புக்கு ஆறு வருஷம் வேணாம் போல, மிஸ். ரெண்டு கிழமையில நிரந்தரமாகிட்டுது.”

பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இழந்தவை: இருபது நாட்களின் பதிவுகள். கட்டுப்பாட்டு அட்டைகள் மூன்று. ஸியாதின் ஆறு வருடச் சேவை. அவருக்கு வரவிருந்த நியமனம்.