கொண்டாடாத கோல்

பழைய அணிக்கு எதிராகக் கோல் போட்டால் கொண்டாடக் கூடாது. உள்ளங்கை இரண்டையும் உயர்த்தி, மன்னிப்புக் கேட்பதுபோல் நடந்து வர வேண்டும். நடுக்கள ஆட்டக்காரன் டீன் ஓக்லிக்கு அந்த மரியாதை மனப்பாடம். கீழ்ப்பிரிவுக் கால்பந்து ஆட்டங்களில் கிளப் கிளப்பாகப் படியேறி இறங்கியவனுக்குப் பழைய அணிக்கா பஞ்சம்? பஞ்சமெல்லாம் கோலுக்குத்தான்.

ஸ்டேன்பி மைதானத்தில் அன்று அவன் முழங்காலில் பட்ட பந்து எப்படியோ வலைக்குள் போய்விட்டது. கட்டிப்பிடிக்க ஓடிவந்தவர்களை விலக்கிவிட்டு, டீன் ஸ்டேன்பி ரசிகர்களைப் பார்த்துத் தலைகுனிந்து கைகளை உயர்த்தினான். ஒரு சீசன் முழுக்க இவர்களுக்காக ஆடியவன் அல்லவா!

"டேய் மொட்டை, எதுக்குடா சரண்டர் ஆகுற? போலீஸா வந்திருக்கு?" என்றது ஒரு குரல். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு எல்லாரும் சேர்ந்து பாட்டாகவே பாடினார்கள்: "யார்ரா நீ? யார்ரா நீ?"

டீனுக்குக் காது மடல் சுட்டது. தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான்.

ஆட்டம் முடிந்து உள்ளே போகையில், அந்த சீசன் முழுக்க அவன் சட்டைச் சேற்றை அலசிய கிழவர் லென் எதிரே வந்து, ஆதரவாகத் தோளைத் தட்டினார்.

"விடு தம்பி, இவனுங்க வாய் அப்படித்தான். குளிக்கிற ரூம் இடது பக்கம். இந்த ஊருக்கு இப்பதான் முதல் தடவையா வர்றியா?"

"ஆமாங்க" என்றான் டீன். என்றவன், எப்போதும் இறுகி நிற்கும் அந்தக் குளியலறைக் கதவை, யாரும் சொல்லாமலே தோளால் இடித்துத் திறந்தான்.