வீட்டுக்கு மட்டும் ஒரு லைன்

"நம்ம மொட்டை மாடியில ஒரு டிஷ் மாட்டணும்ப்பா. இன்னிக்கே."

கேபிள்காரர் வீட்டில் இப்படி ஒரு பேச்சு எழுந்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் வீட்டுப் பிள்ளை எதிர் கிளினிக்கில் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்ததைப் போல அவர் மகளைப் பார்த்தார். டிஷ் என்ற சொல்லை வீட்டுக்குள் எடுக்கவே கூடாது என்று மூத்த மகளான பெரியவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். தெருவில் யாராவது கேபிளை வெட்டிவிட்டு டிஷ்ஷுக்கு மாறிவிட்டால், அப்பா அவரைப் பற்றி இறந்த காலத்தில்தான் பேசுவார். "நல்ல மனுஷனாத்தான் இருந்தான்" என்பார். கேட்பவர்கள் துக்கம் விசாரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

"நாலு தூறல் விழுந்தா மூஞ்சியில துணியப் போட்டுக்கிட்டுப் படுத்துடும் அது. அதைப் போய் என் தலைக்கு மேலயே மாட்டச் சொல்றியா?"

"உங்க தலைக்கு மேல ஏற்கெனவே மூணு பெரிய குடை இருக்கு. அதுல இறங்குறதைத்தான வயர்ல விடறீங்க? வானத்துலேர்ந்து வராம உங்க லைன் என்ன கிணத்துலேர்ந்தா வருது?"

"படிக்க வச்சதுக்கு இதெல்லாம் கேக்க வேண்டியதுதான்."

பெரியவள் அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். படித்த படிப்புக்கு அப்பாவின் கேபிள் ஆபீசில் புகார் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, பின்னாடி வயரை நல்லா சொருகிப் பாருங்க" என்று ஒரு நாளில் எத்தனை பேருக்குச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் இன்று அவள் சண்டைக்கு வந்தது தனக்காக இல்லை.

"சாயங்காலம் சில்லு ஆடுறாப்பா. ஃபைனல். நேரலையில காட்டுறாங்க. நம்ம லைன்ல அந்தச் சேனல் வரல. அம்மா பாக்கணும்."

சில்லு என்பது தங்கை. பிறக்கும்போது உள்ளங்கையளவு இருந்ததால் அந்தப் பெயர். வளர்ந்து, தெருவில் பந்தை உதைத்துக் கண்ணாடிகளை உடைத்து அந்தப் பெயருக்கு வேறு நியாயமும் செய்தாள். இப்போது தூரத்து ஊரில் ஒரு கிளப்புக்கு ஆடுகிறாள். வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிறது. வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்று அப்பா சொல்லவில்லை, அவ்வளவுதான். அம்மாவிடம் போனில் பேசுவாள். போனில் பேச மட்டுமே முடிந்த காலம் அது. மகள் மைதானத்தில் ஆடுவதை அம்மா கண்ணால் கண்டதில்லை. தொலைக்காட்சியில் அவள் ஆட்டத்தை முழுசாகக் காட்டப்போவது இன்றுதான் முதல் தடவை என்று அம்மா நம்பியிருந்தாள்.

"அந்தச் சேனல் இறக்குற பெட்டி ரிப்பேர். எப்பவோ சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்தார். "வேலை கிடக்கு." மாடிக்குப் போய்விட்டார். கண்ட்ரோல் ரூமும் ஆபீசும் மாடியில்தான்.

அப்பாவுக்கும் சில்லுவுக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு நாள். அவள் படம் முதன்முதலாகப் பேப்பரில் வந்த நாள். அரைக்கால் சட்டையோடு, காலைத் தூக்கிப் பந்தை உதைக்கிற படம். அப்பா கம்பத்தின் உச்சியில் இருந்தார், டெஸ்டரைப் பல்லில் கடித்துக்கொண்டு. கீழே சலூன்காரர், "உங்க பொண்ணு காலை இன்னிக்கு ஊரே பாத்துடுச்சு போங்க" என்று பேப்பரை விரித்து ஆட்டினார். நாலு பேர் சிரித்தார்கள். இரண்டு கையிலும் வயர், வாயில் டெஸ்டர். அப்பாவால் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியவில்லை. இறங்கி வந்து வீட்டில் யாரோடும் பேசாமல் சாப்பிட்டார். பெரியவளுக்கு இது தெரியும். தெரிந்ததால் அவள் கோபம் குறையவில்லை. சிரித்தது சலூன்காரர், தண்டனை சில்லுவுக்கா?

சமையலறையில் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். தலையைப் படிய வாரியிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பற?"

"எங்கயும் இல்ல." அம்மா நிமிரவில்லை. "அவ டிவியில வர்றாளே. நான் அழுக்குப் புடவையில உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"டெய்லரம்மா கூப்பிட்டாங்கல்ல? போய்ப் பாரேன்."

எதிர்வீட்டு டெய்லரம்மா டிஷ்ஷுக்கு மாறியவள். அப்பாவின் கணக்கில் காலமானவள். காலையில் வாசலிலேயே வந்து நின்று, "அக்கா, எங்க வீட்டுல அந்தச் சேனல் வருது. நம்ம பொண்ணு ஆடுறதை நாம பாக்கலன்னா எப்படி? அண்ணனையும் கூட்டிட்டுச் சும்மா வாங்க" என்று கூப்பிட்டிருந்தாள்.

"கேபிள்காரர் பொண்டாட்டி டிஷ் வீட்டுல போய் உக்காந்தான்னு தெருவே சிரிக்கும். ஏற்கெனவே அவரைப் பாத்து ஒரு தடவை சிரிச்சது போதும்" என்றாள் அம்மா. "முடிஞ்சதும் ஜெயிச்சாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. அடி கிடி பட்டுச்சான்னும் கேளு."

பெரியவள் ரிப்பேரான பெட்டியைத் தானே பிரித்துப் பார்த்துவிடுவது என்று மீட்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு படியேறினாள். நாலு வருஷம் படித்தது இதற்காவது உதவட்டும்.

கண்ட்ரோல் ரூம் கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினாள். எப்போதும்போல முகத்தில் அடிக்கிற சூடு, வெந்த தூசியின் வாடை, இரும்பு அடுக்கில் வரிசையாகப் பெட்டிகள், எதிரே ஓடும் மேஜை விசிறி. சேனல் சரியாக வருகிறதா என்று சோதிக்க வைத்திருக்கும் சின்ன டிவியின் முன்னால் ஸ்டூல் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். திரையில் பச்சை மைதானம். பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

ரிப்பேர் என்று சொன்ன பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள். அதிலிருந்து தெருவுக்கு அனுப்புகிற பெட்டிக்குப் போகவேண்டிய வயர் தனியே தொங்கியது. அறுந்து விழுந்த வயர் இல்லை. கழற்றி, முனையில் தூசி படாமல் கறுப்பு டேப்பைச் சீராகச் சுற்றி வைத்த வயர். இத்தனை நாளாக வீட்டில் எல்லோர் காதிலும் பூச்சுற்றியிருக்கிறார்.

"ரிப்பேர்னு சொன்னீங்க."

அப்பா திரும்பவில்லை. "முடிய வெட்டிட்டா பாரு" என்றார்.

திரையில் சில்லு குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து தெரியும்படி ஒட்ட வெட்டியிருந்தாள். பெரியவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. உட்காரவில்லை.

"இதுக்கு முன்னாடி காட்டியிருக்காங்களா?"

"செமிஃபைனல் காட்டினான். அதுக்கு முன்னாடியும்."

"எல்லாம் பாத்தீங்களா?"

"ம்."

"அம்மா அங்க கீழ, டிவியில வர்ற பொண்ணுக்காகப் புடவை மாத்திக்கிட்டு நிக்கிறாப்பா! நீங்க மட்டும் இங்க ஒளிஞ்சுக்கிட்டு..."

"கத்தாத." அவர் குரல் எழும்பவில்லை. "அந்த வயரை அதுல சொருகினா தெரு முழுக்கப் போகும். டீக்கடையில பாப்பான். சலூன்ல பாப்பான். நாளைக்கு நான் கம்பத்துல ஏறணும். நீ ஏறப்போறதில்ல."

"ஆம்பளைங்க ஃபைனலுக்குத் தெருவுல திரை கட்டினீங்க. ஊர் பேர் தெரியாதவன் பிள்ளை கோல் போட்டதுக்கு எழுந்து நின்னு விசில் அடிச்சீங்க."

"அது வேற."

"என்ன வேற?"

திரையில் நடுவர் காசைச் சுண்டினார்.

பெரியவள் அந்த வயரைக் கையில் எடுத்தாள். டேப்பை உரித்துச் சொருக ஒரு நொடி போதும். அப்பா தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். சொருகிவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. நாளைக்குக் கம்பத்தடியில் எவனாவது கேட்டால், "நான் இல்லப்பா, பெரியவ தெரியாம சொருகிட்டா" என்பார். இத்தனை தைரியத்தையும் மகளே கடனாகக் கொடுத்து, அதிலும் அவர் தப்பித்துக்கொள்வார். வயரைக் கீழே வைத்தாள்.

அவள் வைத்ததைப் பார்த்து அப்பா இளகினார்.

"ஒண்ணு பண்றேன்மா. தனியா ஒரு வயர் ஜன்னல் வழியா இறக்கி நம்ம டிவியில சொருகிடறேன். வீட்டுக்கு மட்டும் ஒரு லைன். உங்கம்மா பாக்கட்டும். கதவைச் சாத்திக்கச் சொல்லு, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கச் சொல்லு."

காலையில் இதைச் சொல்லியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். கேட்டது இதைத்தானே? அம்மா பார்க்கவேண்டும். அம்மா பார்ப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு காதை வாசலில் வைத்துக்கொண்டு, கோல் விழுந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பார்ப்பாள். அடுத்த மேட்சும் அப்படித்தான். அதற்கடுத்ததும். சில்லு ஜெயித்துக்கொண்டே போவாள், இந்த வீட்டில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே இருப்பார்கள்.

"சாத்திக்கிட்டுப் பாக்குறதுக்கு அவ என்னப்பா தப்பு பண்ணிட்டா?"

"தப்புன்னு நான் சொன்னேனா?"

"சொல்லவே இல்ல. அதான் பிரச்சினை."

அப்பாவின் கை சுருட்டி வைத்த வயர்ச்சுருளுக்குப் போனது. புறங்கையில் நரம்பு புடைத்திருந்தது. அவருக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது என்று அவள் அப்போதுதான் கவனித்தாள். கவனித்ததும் கோபம் இன்னும் கனத்தது. தன்னை முழுசாக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறாரே.

"வயர் வேணாம்ப்பா. அம்மாவை டெய்லரம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எது?" அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். "தெரு நடுவுலயா? இந்த நேரத்துலயா? எல்லாரும் வாசல்லதான் உக்காந்திருப்பாங்க."

"இருப்பாங்க."

"அவ வரமாட்டா."

"நான் கூப்பிடற மாதிரி யாரும் இதுவரைக்கும் கூப்பிடல."

"என்னைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சியா நீ?"

"யோசிச்சு யோசிச்சுத்தான் எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்கோம். நீங்க வர்றதா இருந்தா வாங்க. டெய்லரம்மா உங்களையும் சேத்துத்தான் கூப்பிட்டாங்க."

மேஜையில் புகார் போன் அடித்தது. எடுக்கவேண்டியது அவள். அப்பா போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். ஆட்டம் தொடங்கிவிட்டது. சில்லு இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெரியவள் மீட்டரையும் ஸ்க்ரூடிரைவரையும் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். படியில் இறங்கும்போதே குரல் கொடுத்தாள்.

"அம்மா, கையைத் துடைச்சுக்கிட்டு வா. சில்லு ஆடுறா."