வீரையனின் வலது மணிக்கட்டு

யாரோ இழுத்துவிட்டுப் பொத்தான் போட்டிருந்த சட்டைக் கையை அம்சவல்லி மறுபடி மடித்துவிட்டாள். கூடத்தில் கிடத்தியிருந்த கணவரின் வலது மணிக்கட்டில் கொசு கடித்த அளவுக்கு ஒரு புள்ளி. அது மறையக் கூடாது அவளுக்கு.

"தலையில கோளாறுன்னு போனா கையில குத்தி அனுப்புனாங்க. அன்னிக்கே சொன்னேன், கேட்டியா? இப்ப மச்சானை வாரிக் குடுத்துட்டு நிக்கிறோம்" என்றார் அவள் அண்ணன் இராஜாங்கம், கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

வீரையன் போனது நெஞ்சுவலியில். நேற்று வயலிலிருந்து வந்து மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணன் சொல்வது போன வருஷத்துக் கதை. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. வெடித்தால் ஆள் காலி. முதலில் வேறொரு ஊரில் தொடை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொடை கன்றிப்போய், காலை மடக்காமல் கிடந்து, ஒன்றுக்குப் போகவும் அடுத்தவர் கையை எதிர்பார்த்து மனுஷர் கூசிப்போனார். "செத்தாலும் இன்னொருவாட்டி அதுக்குப் படுக்க மாட்டேன்" என்றுவிட்டார்.

தஞ்சாவூர் டாக்டர் பர்வின்தான் அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "கை வழியாப் போய்ப் பாப்போம்ங்க ஐயா. நாங்களே இப்பத்தான் இதுக்கு மாறியிருக்கோம். தோதுப்படலைன்னா தொடைக்குத்தான் போகணும், அதையும் சொல்லிடுறேன்."

வீரையன் சிரித்துவிட்டார். "எந்த மடையைத் தொறந்தா என்னங்க, தண்ணி வயலுக்குப் போனா சரி."

மணிக்கட்டு வழியாகவே குழாய் விட்டு அந்த வீக்கத்தை அடைத்தார்கள். அன்று சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து, "காப்பி எங்கடி?" என்று அதட்டினார். அந்த அதட்டலுக்கு அவளைப்போல் பூரித்துப்போன பெண்சாதி இந்தச் சீமையிலேயே இருந்திருக்க மாட்டாள். அப்புறம் ஒரு சம்பா முழுக்க அவரே நட்டு, அவரே நின்று அறுத்தார்.

இப்போது அந்த டாக்டரே தலையில் துப்பட்டாவோடு வாசலில் நின்றார். இராஜாங்கம் பேசியது காதில் விழுந்திருக்கும். உள்ளே வரத் தயங்கினார். வந்த மனுஷி இப்படியே திரும்பிவிடுவாரோ என்று அம்சவல்லிக்குப் பகீரென்றது.

"அண்ணே, போதும் நிறுத்து!" எழுந்தேவிட்டாள். "அந்தக் கை வழியா ஒரு வெள்ளாமை காலம் எனக்குத் திருப்பிக் குடுத்தவங்க இவங்க. வாங்கம்மா, நீங்களும் வாய்க்கரிசி போடுங்க."

"சொந்தக்காரங்கதானே போடணும் ஆத்தா..." என்று இராஜாங்கம் இழுத்தார்.

"அந்தத் தட்டுல இருக்கறது எந்த அரிசிண்ணே?"

அவர் தட்டைப் பார்த்தார். மச்சான் கடைசியாக அறுத்த சம்பா. தட்டைத் தாமே எடுத்துப் போய் டாக்டர் முன்னால் நீட்டினார். "வாங்க."

பர்வின் அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தார். போடுவதற்கு முன், அவரை அறியாமலே இடது கை நீண்டு, அந்த மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்தது.

கூடத்தில் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.