காது மருந்தும் ஒரு சின்னக் கட்டமும்

1.

“சத்தமா வாசிக்காத. தாளை இங்க கொடு.”

“உன்னைப் பத்தின கதைதான் அக்கா. கேட்டுட்டுச் சொல்லேன்.”

“காதால கேட்டா எல்லாம் சரியாத்தான் இருக்கும்.”

இந்தக் கதை பிறந்தது அந்தக் கடைசி வாக்கியத்தில். அக்கா, மருந்து பாட்டில்களுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் பிழை பார்ப்பவள். நான் மொழிபெயர்ப்பு நாவல்களில் குடியிருப்பவள். அதனால் முதல் வரைவில் அச்சகத்துக்கு வெளியே பனி பெய்தது.

“ஏசித் தண்ணிதான் சொட்டுது. அதை எழுது.”

2.

(ஜன்னலுக்கு வெளியே ஏசித் தண்ணீர் சொட்டியது.)

அச்சகத்தில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார்; மற்றவர் அச்சுத்தாளில் விரலை ஓட்டுவார். அக்கா மட்டும் கடைசிச் சொல்லிலிருந்து மேல்நோக்கி, எழுத்தெழுத்தாக, வாய் திறக்காமல் பார்ப்பாள். “ஊமைப்படம் ஆரம்பிச்சாச்சு” என்று சிரிப்பார்கள். பள்ளியில் இங்கிலீஷில் இரண்டு தடவை ஃபெயில் அவள். அதனாலேயே எந்தச் சொல்லையும் முகத்தைப் பார்த்து நம்புவதில்லை. எனக்கு இதில் பெருமைதான், மறைக்கப் போவதில்லை.

3.

அன்று வந்தது காதில் விடும் சொட்டு மருந்து. இங்கிலீஷில் காதுவழி (aural), வாய்வழி (oral) என்பதற்கான சொற்கள் கிட்டத்தட்ட ஒரே சாயல். ஓசையும் பலர் வாயில் ஒன்றே. ஒருவர் காது என்று படித்தார். மற்றவர் வாய் என்பதன்மேல் விரலை ஓட்டித் தலையாட்டினார். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார். மெஷின் ஓடியது.

வெளிவந்த முதல் தாளை அக்கா தன் வழக்கப்படி பார்த்தாள். பிறகு வீரமங்கையாக (இந்தச் சொல்லை அடித்துவிட்டேன்) எழுந்து போய் மெஷினை நிறுத்தினாள். சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

“யாரைக் கேட்டும்மா நிறுத்தின?”

“காதுல விடுற மருந்து சார். வாயில ஊத்தச் சொல்லுது.”

“மூணு தடவை வாசிச்சோமே.”

“வாசிச்சீங்க சார். பாக்கல.”

4.

திருத்திய தாளின் மூலையில் ‘இறுதி ஒப்புதல்’ என்று ஒரு சின்னக் கட்டம். அதில் கையெழுத்துப் போடுபவர் சொன்னால்தான் மெஷின் ஓடும், நிற்கும். ஆறு வருடமாக அக்கா பிடித்த பிழைகளுக்கெல்லாம் அங்கே சூப்பர்வைசரின் கையெழுத்துதான்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவர் பேனாவை நீட்டுகிறார். இன்னொன்றில், மெஷினைத் தொட்டதற்காக அக்காவுக்கு மெமோ. மூன்றாவதில் அக்கா வேலையை…

அக்கா மூன்றையும் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். “நான் கேட்டதுக்கு அவரு இன்னும் வாயே திறக்கல. நீ எதுக்குடி முந்திக்கிற? நடந்த வரைக்கும் எழுது.”

ஆகவே முடிவை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டுப் போடுங்கள். நடந்த வரைக்கும் இதுதான்: அக்கா தன் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“சார், இந்தக் கட்டத்துல இனிமே நான் கையெழுத்துப் போடட்டுமா?”