பன்னிரண்டு மணிச் சங்கு

வியாத்கா ஆற்றங்கரையில் இருந்த அந்தக் குடியிருப்புக்கு அரசாங்கக் காகிதத்தில் நகரம் என்று பெயர். பிளைவுட் ஆலை ஓடிய காலத்தில் கிடைத்த பட்டம். ஆலை மூடி ஒன்பது வருஷமாகியும் பட்டம் இறங்கவில்லை. அதைப் பறித்துக் கிராமமாக்கலாமா என்று பார்க்க, மாகாணத் தலைநகர் கசானிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது.

கிராமமானால் மின்கட்டணம் குறையும், ஜனங்களுக்கு நஷ்டமில்லை. கவலைப்பட்டவர் தலைவர் ஆர்கதி லுகிச் ஒருவர்தான். நகரம் போனால் நாற்காலியும் காரும் அதன் பின்னாலேயே போகும்.

"நகரத்துல ஏது மாடு?" என்று அன்று காலை, மேய்ச்சலுக்குக் கிளம்பிய முப்பத்தேழு மாடுகளையும் மடக்கி, ஆலையின் கொட்டகைக்குள் அடைத்துப் பூட்டச் சொன்னார். அதில் ஆலைக் காவல்காரி ரசீலாவின் பசு ஆலாவும் ஒன்று. கன்று போட்டு ஒன்பதாம் நாள். மதியம் கறக்காவிட்டால் மடி கல்லாகிவிடும்.

"ஆர்கதி லுகிச், ஆலாவை மட்டும் விட்டுடுங்க. மடி தாங்காது."

"மூணு மணிக்குக் குழு கிளம்பிடும். அதுவரைக்கும் பொறுக்காதா?"

"நீங்க காலையிலேர்ந்து மூணு மணி வரைக்கும் அடக்கிக்கிட்டு இருப்பீங்களா?"

தலைவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ரசீலாதான் அந்த ஆலையின் கடைசி ஊழியர். காலை ஏழுக்கும் மதியம் பன்னிரண்டுக்கும் சங்கு ஊதுவது அவள் வேலை. ஆலையை மூடியவர்கள் சங்கை நிறுத்த உத்தரவு போட மறந்துவிட்டார்கள். மனிதர்கள் அதைக் காதில் வாங்குவதை எப்போதோ விட்டாயிற்று. மாடுகள் விடவில்லை. ஏழு மணிச் சங்குக்கு மேய்ச்சல், பன்னிரண்டு மணிச் சங்குக்குக் கறவைக்கு வீடு. தலைவர் வீட்டிலும் மாடு உண்டு. கறப்பது மனைவி என்பதால் அவருக்கு அதன் நேரங்காலம் தெரியாது.

பதினொன்றரைக்குக் குழு ஆலை வாசலில் நின்றது. தலைமை வகித்த அம்மாள் கோப்பைப் பிரித்தாள்.

"ஆலை மூடியாச்சுன்னு கேள்விப்பட்டோமே?"

"யார் சொன்னது? உள்ள வேலை நடக்குது."

"எத்தனை பேர்?"

"முப்பத்தேழு." காலையில் எண்ணிய எண்ணிக்கை நாக்கில் நின்றுவிட்டது. உடனே ரசீலாவின் பக்கம் திரும்பினார். "சங்கை ஊது. அம்மா கேக்கட்டும்."

"இப்பவா? மணி ஆகலையே."

"ஊதுன்னா ஊது."

"யோசிச்சுச் சொல்றீங்களா?"

"சொன்னதைச் செய்."

ரசீலா உள்ளே போய் ஊதினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே.

கொட்டகைக் கதவு அந்த ஆலையின் கடைசி வருஷத்துப் பிளைவுட் சரக்கு. முதல் முட்டிலேயே பிளந்தது. 'உழைப்புக்குப் புகழ்' என்ற துருப்பிடித்த வளைவின் கீழே மாடுகள் இரண்டிரண்டாக, அவசரமில்லாமல் வெளியே வந்தன. முன்னால் மணி கட்டிய சிவப்புப் பசு. எதிர் வீட்டு வேலியிலிருந்து தலைவரின் மனைவி கத்தினாள்: "ஏங்க, நம்ம ஜோர்காவையுமா உள்ள போட்டீங்க?"

அந்த அம்மாள் பேனாவால் ஒவ்வொன்றாக எண்ணினாள். "முப்பத்தேழு. சரியா இருக்கு," என்றாள்.

குழு மூன்று மணி வரை தங்கவில்லை; பன்னிரண்டுக்கே அதன் படகு கிளம்பும்போது ரசீலா தன் வாசலில் ஆலாவைக் கறந்துகொண்டிருந்தாள். மடி சூடாக இருந்தது, கல்லாகவில்லை. தலைவர் வந்து நின்றார்.

"வேணும்னே பண்ணினே."

"ஊதச் சொன்னது யாரு?"

"இனிமே அந்தச் சங்கு ஊதக் கூடாது."

"எழுதிக் குடுங்க, நிறுத்திடறேன்." ரசீலா வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டாள். "இன்னிக்கே குடுத்துடுங்க. அடுத்த மாசம் உங்க கையெழுத்து செல்லுமோ என்னவோ."