லுசுங்குவின் சுவர்

ஒலிம்பிக்கிலிருந்து திரும்பிய மறுவாரம், மலாவி ஏரியில், கரையிலிருந்து சரியாக இருபத்தைந்தாவது மீட்டரில் லுசுங்கு ஒரு சுவரில் முட்டிக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியாது; கை வைத்தால் ஓடு பதித்த வழுவழுப்பு, லேசான குளோரின் வாடை. தலைநகரில் ஓர் ஓட்டல் குளத்தில்தான் அவளுக்கு ஆறு வருடப் பயிற்சி. அதன் நீளம் இருபத்தைந்து, ஒலிம்பிக் குளமோ ஐம்பது. நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பாதிக் குளத்திலேயே அவள் உடம்பு பழக்கதோஷத்தில் குட்டிக்கரணம் போட்டுத் திரும்பியது. கால் உதைத்த இடத்தில் சுவர் இருந்தது. நடுவர்கள் அதை ஒப்புக்கொள்ளாமல் அவளை நீக்கினார்கள். சுவர் அவளோடு ஊருக்கு வந்துவிட்டது. அவள் தண்ணீரில் இருக்கும்வரை நிற்கும், சுற்றிப் போகப் பார்த்தால் கூடவே நீளும், கரையேறினால் மறையும்.

"மத்தவளுக பதக்கம் கொண்டாருவாளுக, நம்ம புள்ள செவுரு கொண்டாந்திருக்கா," என்றாள் மீன் காயப்போடும் நியாபிரி. கரையே சிரித்தது. லுசுங்குவுக்கு அழுகைதான் வந்தது. அப்பா வைசனின் தோணிக்குப் பின்னால் கரை மறையும்வரை நீந்தி வளர்ந்தவளுக்கு, இப்போது சொந்த ஏரியிலேயே மூச்சு முட்டியது. அடுத்த ஒலிம்பிக்கில் ஐம்பது மீட்டரையும் ஒரே வீச்சில் நீந்திவிட்டால் சனியன் விட்டுவிடும் என்று நம்பினாள். அதற்காகவே கரைக்கும் சுவருக்கும் இடையில் தினமும் நீந்தினாள்.

இரண்டாம் வருட ஜூலையில், வருடாவருடம் அந்த மாதம் தெற்கிலிருந்து சீறிவரும் ம்வேரா காற்று வைசனின் தோணியைக் கவிழ்த்தது. லுசுங்கு குதித்தாள்; சுவர் மறித்தது. "விடு, என்னய விடு!" என்று இரண்டு கையாலும் குத்தினாள். மறுபுறம் வைசன் அதே சுவரைப் பிடித்து ஏறி, இந்தப் பக்கம் விழுந்தார். அலைகள் அங்கேயே அடித்து ஓய்ந்தன. உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் கிடந்தது.

"நல்ல செவுரும்மா," என்றார், குளிரில் பல் தந்தியடிக்க.

அதன்பின் காற்று கிளம்பினாலே, "லுசுங்கு, செத்த எறங்கும்மா" என்று வாசலில் ஆள் வந்து நிற்கும். தோணிகள் சுவரின் ஓரமாகச் சுற்றி உள்ளே வந்து பிழைத்தன. இரண்டு வருடமாக ஒரு சாவு இல்லை.

நான்காம் வருடம் அவளை மறுபடி தேர்ந்தெடுத்ததாகக் கடிதம் வந்தது. ஒலிம்பிக்கும் ம்வேராவும் ஒரே மாதத்தில் வருவதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நியாபிரி மட்டும் வழிக்கு வறுத்த மீன் கட்டிக் கொடுத்து, "போயிட்டு வாடி, எங்களுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருப்போம்," என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். பஸ் வந்த காலையில் காற்றும் வந்தது. பதினான்கு தோணிகள் வெளியே, ஒன்று வைசனுடையது.

"ஏறுறதுன்னா ஏறு, இல்லன்னா எறங்கு. படியில நின்னா எப்படி?" என்றார் கண்டக்டர்.

லுசுங்கு ஏரியைப் பார்த்தாள். "பெட்டிய எறக்கிக் குடுத்துருங்க," என்றாள்.

பயண உடையோடே தண்ணீரில் இறங்கினாள். பதினான்கும் கரை சேர்ந்தன.

இது நடந்து பதினொரு வருடம். காற்று அடங்கியதும் அவள் கரைக்குத் திரும்புமுன் சுவரை ஒருமுறை தோளால் தள்ளிப் பார்ப்பாள். அது நகராது. அவளும் திரும்பிவிடுவாள்.